பச்சை மலையைக் காலி செய்த முடிவு: சிரெனைக்கா, 1929–1933

எதைப் பற்றி

லிபியாவின் கிழக்குப் பகுதிக்கு அரபியில் பர்கா என்று பெயர். இத்தாலியர் அதை சிரெனைக்கா என்றார்கள். 1930 கோடையில் அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கொரில்லாப் போராளிகளை ஒழிக்க முடியாத ஒரு ராணுவம், போராளிகளைச் சுற்றியிருந்த மக்களை மொத்தமாகக் கிளப்பி முள்வேலிக்குள் அடைத்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். தளபதிகளின் பெயர்களும் போராளிகளை வழிநடத்திய உமர் முக்தாரின் பெயரும் எல்லாருக்கும் தெரியும். இங்கே நான் பின்தொடர்வது பெயர் பதியப்படாத அந்த ஒரு லட்சம் பேரை. ஆடு மேய்த்தவர்கள், பார்லி விதைத்தவர்கள், பேரீச்சம்பழமும் ஒட்டகப்பாலும் உண்டு வாழ்ந்தவர்கள்.

பின்னணி

பாலைவனப் போர் என்றதும் மணல்மேடுதான் நம் மனதில் வரும். இந்தப் போர் பெரும்பாலும் நடந்தது ஜபல் அக்தரில். 'பச்சை மலை' என்று பொருள். கடலோரமாக எழும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். குளிர்காலத்தில் மழை உண்டு, காடு உண்டு, குகைகளும் ஆழமான ஓடைப் பள்ளங்களும் உண்டு. தெற்கே இறங்கினால் புல்வெளி, அதற்கும் அப்பால் சஹாரா. மழைக்காலத்தில் மந்தைகளோடு தெற்கே போவதும் கோடையில் கிணறுகளைத் தேடி மலைக்குத் திரும்புவதும் அங்குள்ள குலங்களின் வாழ்க்கை. எந்தக் கிணறு எந்தக் குலத்துடையது என்பதுதான் அவர்களுடைய நில ஆவணம்.

இந்தக் குலங்களை ஒரு கயிற்றில் கட்டியிருந்தது சனூசி இயக்கம். 1843-இல் இங்கே தன் முதல் சாவியாவை அமைத்த சூஃபி அமைப்பு அது. சாவியா என்றால் தொழுகை இடம் மட்டும் என்று நினைக்கக் கூடாது. பிள்ளைகள் ஓதும் பள்ளி, வழிப்போக்கர் தங்கும் சத்திரம், குலச் சண்டைகளைத் தீர்க்கும் பஞ்சாயத்து, தானியக் களஞ்சியம் எல்லாம் அதற்குள்தான். ஒட்டகப் பாதைகள் வழியாக இந்தச் சாவியாக்கள் சாட் வரை பரவியிருந்தன. உமர் முக்தாரே குர்ஆன் ஆசிரியராக இருந்து, சாட் பகுதிக்கு அனுப்பப்பட்டு, அங்கே பிரெஞ்சுக்காரர்களின் முன்னேற்றத்தைப் பார்த்துத் திரும்பியவர். இத்தாலிக்காரன் வருவதற்கு முன்பே ஐரோப்பியப் படை எப்படி வரும் என்று தெரிந்தவர்.

1911-இல் இத்தாலி உஸ்மானியர்களிடமிருந்து லிபியாவைப் பிடுங்க வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஓர் இத்தாலிய விமானி திரிப்போலிக்கு அருகே விமானத்திலிருந்து கையாலேயே குண்டுகளை எடுத்து வீசினார். போர்க்களத்தில் விமானத்திலிருந்து விழுந்த முதல் குண்டுகள் அவை. முதல் உலகப்போர் முடிந்த நேரத்தில் இத்தாலிக்கு வலு போதவில்லை. 1920-இல் ஒப்பந்தம் போட்டு, சனூசித் தலைவர் இத்ரீஸை அமீராக ஏற்றுக்கொண்டது. 1922-இல் முசோலினி பதவிக்கு வந்தார், அடுத்த ஆண்டே அந்த ஒப்பந்தம் கிழிந்தது. அதற்குள் இத்ரீஸ் எகிப்துக்குப் போய்விட்டார். மலையில் சண்டையை நடத்தும் பொறுப்பு அறுபது வயதைத் தாண்டிய உமர் முக்தாரின் தோளில் விழுந்தது.

களத்தில் தெரிந்தது

1923 முதல் 1929 வரை இத்தாலியத் தளபதிகள் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைக் கண்டார்கள். போராளிகள் 'தோர்' என்ற குழுக்களாக இருந்தார்கள். ஒவ்வொரு குலமும் தன் தோருக்கு ஆள் தரும். செத்தவர் இடத்துக்கு வேறொருவரை அனுப்பும், தானியத்திலும் மந்தையிலும் ஒரு பங்கைக் கொடுக்கும். அதே குலம் பகலில் இத்தாலிய முகாமுக்கு வந்து 'அடிபணிந்தோம்' என்று பதிவு செய்துகொள்ளும். நிர்வாகத்தின் கணக்கேட்டில் அவர்கள் 'அடிபணிந்தவர்கள்'. இரவில் அவர்களுடைய கூடாரத்தில்தான் போராளிக்குச் சாப்பாடு.

இன்னொன்று எகிப்து எல்லை. துணி, சர்க்கரை, தேயிலை, தோட்டா எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. ஆடுகளும் ஒட்டகங்களும் அந்தப் பக்கம் போய் விற்கும்.

ஆக, 1930 வாக்கில் மலையில் துப்பாக்கியோடு நின்றவர்கள் ஆயிரத்தை எட்டாத எண்ணிக்கைதான். எதிரே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துருப்புகள், கவச வண்டிகள், விமானங்கள். அந்தத் துருப்புகளிலும் பெரும்பகுதி இத்தாலியர் இல்லை. எரித்திரியாவிலிருந்து கொண்டுவந்த அஸ்காரிகள் என்ற காலனிச் சிப்பாய்களும் லிபியாவிலேயே சேர்த்த ஆட்களும்தான். கண்டத்தின் ஒரு மூலையில் பிடித்த நிலத்தின் பிள்ளைகளை வைத்து இன்னொரு மூலையைப் பிடிப்பது காலனி ஆட்சிக்குக் கைவந்த கலை. இந்த விஷயம் பின்னால் திரும்பவும் வரும்.

பேச்சு, 1929

1929 தொடக்கத்தில் இத்தாலிய மார்ஷல் பியெத்ரோ படோலியோ லிபியா முழுவதற்கும் ஆளுநரானார். ஜூன் மாதம் சீதி ரஹூமா என்ற இடத்தில் உமர் முக்தாரை நேரில் சந்தித்தார். போர்நிறுத்தம் வந்தது. அந்தக் கோடையில் மந்தைகள் கிணறுகளுக்கு அமைதியாகப் போய்வந்தன.

இரண்டு தரப்பும் ஒரே பேச்சிலிருந்து இரண்டு வேறு செய்திகளோடு திரும்பியதுதான் சிக்கல். உமர் முக்தார் கேட்டது தன் மக்களின் சமயத்துக்கும் வாழ்க்கை முறைக்கும் இடம் தரும் ஓர் உடன்பாடு. இத்தாலிய நிர்வாகம் ரோமுக்கும் பத்திரிகைகளுக்கும் சொன்னது, 'முக்தார் அடிபணிந்துவிட்டார்' என்று. தான் அடிபணியவில்லை என்று எகிப்தியப் பத்திரிகைகளுக்கு எழுதிவிட்டு, நவம்பரில் அவர் மறுபடி சண்டையைத் தொடங்கினார்.

என் கணிப்பில் இந்த நிகழ்வின் திருப்புமுனை இங்கேதான் இருக்கிறது, 1930-இல் இல்லை. பேச்சு முறிந்ததைத் தன் முகத்தில் விழுந்த அறையாக எடுத்துக்கொண்ட ஆளுநர், அதற்கப்புறம் பேச்சு என்ற சொல்லையே ஒதுக்கிவிட்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும், 1930

மார்ச் 1930-இல் ஜெனரல் ரொடோல்ஃபோ கிராத்சியானி சிரெனைக்காவின் துணை ஆளுநராக பெங்காசிக்கு வந்தார். வந்த வேகத்தில் அடிபணிந்த குலங்களின் ஆயுதங்களைப் பறித்தார். விமானத்தில் பறந்து வந்து இறங்கி, விசாரித்து, அங்கேயே தண்டிக்கும் 'பறக்கும் நீதிமன்றம்' ஒன்றை நடத்தினார். மே மாத இறுதியில் சாவியாக்கள் எல்லாம் மூடப்பட்டன. சொத்துகள் பறிமுதலாயின. ஷேக்குகள் பலர் இத்தாலியின் உஸ்திகா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பள்ளி, சத்திரம், பஞ்சாயத்து, களஞ்சியம் எல்லாம் ஒரே நாளில் போயின. காரணம் எளிது: தோருக்குப் போகும் பங்கு சாவியா வழியாகத் திரள்கிறது என்று நிர்வாகம் நம்பியது. அந்த நம்பிக்கை தவறும் இல்லை.

இதெல்லாம் செய்தும் கோடைத் தாக்குதல் தோற்றது. படைகள் மலையைச் சுற்றி வளைத்தபோது போராளிகள் ஓட்டை வழியே கரைந்துபோனார்கள். 1930 ஜூன் 20 தேதியிட்டு படோலியோ கிராத்சியானிக்கு ஒரு கடிதம் எழுதினார். போராளிகளுக்கும் அடிபணிந்த மக்களுக்கும் நடுவே அகலமான, தெளிவான நில இடைவெளி வேண்டும். இது அந்த மக்களின் அழிவைக் குறிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் சிரெனைக்காவின் மொத்த மக்களும் சாக நேர்ந்தாலும் இந்த வழியில் கடைசி வரை போயாக வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். போர்க்களத்தில் ஆத்திரத்தில் செய்ததாக இதைத் தள்ள முடியாது. விளைவு என்னவென்று தெரிந்து, எழுத்தில் ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்ட முடிவு. இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. பச்சை மலையின் விளைநிலம் இத்தாலியக் குடியேறிகளுக்கு வேண்டியிருந்தது. மக்கள் கிளம்பினால் போரும் முடியும், நிலமும் கிடைக்கும்.

நடை

1930 கோடையிலிருந்து அடுத்த ஆண்டு தொடக்கம் வரை குலங்கள் கிளப்பப்பட்டன. கூடாரம், பாத்திரம், பிள்ளைகள், கிழவர்கள், மந்தை எல்லாவற்றோடும் நடக்க வேண்டும். முன்னும் பின்னும் அஸ்காரிகள். எகிப்து எல்லையை ஒட்டிய மார்மரிக்கா மக்கள் மேற்கே சிர்த் வளைகுடா வரை குளிர்காலத்தில் நடத்தப்பட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர்களும் உண்டு. பின்தங்கியவர்கள் சுடப்பட்டதைப் பிழைத்தவர்கள் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மந்தை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த நடை என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஆடு மேயாமல் நடக்காது. மேய விட்டால் படை நிற்காது. அதனால் முதலில் குட்டிகள் போகும், அப்புறம் பால் வற்றும், அப்புறம் ஒட்டகம் படுத்துவிடும். முகாமை எட்டும்போது அந்தக் குடும்பத்திடம் சொத்தும் இல்லை, உணவும் இல்லை, இனி பெண்ணுக்குக் கொடுக்கச் சீரும் இல்லை.

முகாம்

சுலூக், சீதி அஹ்மத் அல்-மக்ரூன், மர்ஸா புரைகா, அல்-அகேலா ஆகியவை பெரிய முகாம்கள். சுலூக்கிலும் மர்ஸா புரைகாவிலும் இருபதாயிரம் பேர் அளவுக்கு அடைத்து வைத்திருந்தார்கள். போராளிகளின் உறவினர்களுக்கென்று வைத்த தண்டனை முகாம் அல்-அகேலா. கந்தல் கூடாரங்கள் நெருக்கி வரிசையாக நின்றன, சுற்றிலும் முள்வேலி. ஆட்களைச் சாலை வேலைக்கு இழுத்தார்கள். சிறுவர்களைப் பிரித்துத் தனி முகாம்களில் வைத்து எதிர்காலச் சிப்பாய்களாகப் பழக்கினார்கள். வேலிக்கு வெளியே மேய்ச்சலுக்கு வழி இல்லாமல், நடையில் தப்பிய மந்தையும் செத்தது. பசியோடு டைபஸும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்துகொண்டன.

இறந்தவர் எத்தனை பேர்? இத்தாலிய மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்ட இத்தாலிய வரலாற்றாசிரியர்கள் குறைந்தது 40,000 என்கிறார்கள். லிபிய ஆய்வாளர்களின் கணக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல். குறைந்த எண்ணிக்கையை எடுத்தாலும் அடைக்கப்பட்ட பத்துப் பேரில் நான்கு பேர்.

அல்-அகேலாவில் அடைபட்டவர்களில் ஒரு கவிஞர் இருந்தார். எழுதித் தப்பவைக்க வழியில்லாத இடம். மனத்திலேயே கட்டிய பாட்டு ஒன்று வாய்வழியாகக் கூடாரம் விட்டுக் கூடாரம் போனது. அகேலா முகாமைத் தவிர எனக்கு வேறு நோய் இல்லை என்ற பொருளில் அந்தப் பாட்டு தொடங்குகிறது. அதற்கப்புறம் வரும் அடிகளில் தன் நோயைப் பட்டியல் போடுகிறார்: குலம் சிறைப்பட்டது, ஊர் பிரிந்தது, குதிரையேறியவன் கூலியானது. இன்றும் லிபியர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். மருத்துவக் குறிப்பேடு போல அடுக்கடுக்காக வரும் இந்தப் புலம்பலைவிட நம்பகமான முகாம் அறிக்கை எனக்குக் கிடைக்கவில்லை.

வேலி, குஃப்ரா, தூக்குமரம், 1931

மக்கள் போனபின் மற்றவை வேகமாக நடந்தன. தெற்கே தாஸிர்போ பாலைவனச் சோலையில் 1930 ஜூலை இறுதியிலேயே மஸ்டர்ட் நச்சுவாயுக் குண்டுகள் விழுந்திருந்தன. 1931 ஜனவரியில் தென்கிழக்குப் பாலைவனச் சோலையான குஃப்ரா இத்தாலியரிடம் விழுந்தது. அங்கிருந்து தப்பியவர்கள் எகிப்து, சூடான் பக்கம் தண்ணீரில்லாத மணலில் நடந்தார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். எகிப்து எல்லையில், கடலோரம் பர்தியாவிலிருந்து தெற்கே ஜக்பூப் சோலை வரை சுமார் 270 கிலோமீட்டருக்கு முள்வேலி எழுந்தது. தேயிலையும் தோட்டாவும் நின்றன.

உமர் முக்தார் ஏற்கெனவே ஒரு மோதலில் தன் மூக்குக்கண்ணாடியை இழந்திருந்தார். அது கிராத்சியானியின் மேசைக்குப் போனது. செப்டம்பர் 11 அன்று குதிரை விழுந்து, காயத்தோடு பிடிபட்டார். 15-ஆம் தேதி பெங்காசியில் நடந்த விசாரணை ஒரு மணி நேரச் சொச்சத்தில் முடிந்தது. அவருக்காக வாதாட நியமிக்கப்பட்ட இத்தாலிய அதிகாரி நேர்மையாக வாதாடினார், அதற்காகத் தண்டிக்கப்பட்டார். மறுநாள் காலை சுலூக் முகாமில் தூக்கு. சுமார் 20,000 பேரை அங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்க்க வைத்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு ஆசிரியரைத் தூக்கிலிடுவதைக் காட்டினால் மக்கள் அடங்குவார்கள் என்பது கணக்கு.

1932 ஜனவரி 24 அன்று கலகம் முழுவதுமாக ஒடுக்கப்பட்டதாக படோலியோ அறிவித்தார்.

என்ன தொடர்ந்தது

ராணுவக் கணக்கில் முடிவு வெற்றிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. மலையில் சண்டை நின்றது. முகாம்கள் 1933 வாக்கில் கலைந்தன. பலருக்குத் திரும்பிப் போக நிலம் இல்லை. நல்ல நிலங்களில் குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. 1938-இல் ஒரே தடவையில் சுமார் 20,000 இத்தாலியக் குடியேறிகள் கப்பலில் லிபியாவில் வந்து இறங்கினார்கள்.

வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தூக்குச் செய்தி கெய்ரோ, துனிஸ், டமாஸ்கஸ், எருசலேம் என்று பரவியது. கண்டனக் கூட்டங்கள், மறைந்தவருக்கான தொழுகைகள், இத்தாலியச் சரக்குப் புறக்கணிப்பு. எகிப்தின் பெரும் கவிஞர் இரங்கல் பாடினார். 1931 டிசம்பரில் எருசலேமில் கூடிய இஸ்லாமிய மாநாட்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் என்ற எகிப்தியர் இந்த முகாம்களைப் பற்றிப் பேசினார். இத்தாலியத் தூதரகம் புகார் கொடுக்க, பிரிட்டிஷார் அவரைப் பாலஸ்தீனத்திலிருந்து வெளியேற்றினார்கள். அதே அஸ்ஸாம்தான் 1945-இல் அரபு லீக்கின் முதல் பொதுச்செயலாளர். பச்சை மலையின் குலச் சண்டையாக ரோம் நினைத்தது, இப்படித்தான் ஒரு பெரும் பரப்பின் பொது வழக்காக மாறியது.

முகாமில் பழக்கிய சிறுவர்களும் பஞ்சத்தில் படைக்குச் சேர்ந்தவர்களும் எங்கே போனார்கள்? 1936-இல் லிபியப் படைப்பிரிவு ஒன்று கிராத்சியானியின் கீழ் எத்தியோப்பியாவின் ஒகாடனில் இறக்கப்பட்டது. எரித்திரியர்களைக் கொண்டு லிபியாவை அடக்கியவர்கள், லிபியர்களைக் கொண்டு எத்தியோப்பியாவைப் பிடித்தார்கள். 1940-இல் அதே கிராத்சியானி எகிப்துக்குள் சீதி பர்ரானி வரை முன்னேறியபோது அவருடைய முன்வரிசையில் இரண்டு லிபிய டிவிஷன்கள் நின்றன. டிசம்பரில் அவை நொறுங்கின. அவற்றைத் தாக்கிய படைகளில் நான்காவது இந்திய டிவிஷனும் ஒன்று. அடிமை நாட்டுச் சிப்பாய்களிடம் அடிமை நாட்டுச் சிப்பாய்கள் சரணடைந்த காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இந்தத் தரப்பிலும் அந்தத் தரப்பிலும் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் போர் சொந்தப் போர்?

ஆனால் லிபியர்களுக்கு அது சொந்தப் போராகவும் ஆனது. எகிப்தில் அகதிகளாக இருந்தவர்கள் 1940-இல் இத்ரீஸின் தலைமையில் பிரிட்டிஷாரோடு சேர்ந்து லிபிய அரபுப் படை ஒன்றை அமைத்தார்கள். போர்க்கைதிகளான லிபியர்களிலிருந்தும் அதில் சேர்ந்தார்கள். 1942 ஜனவரியில் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஈடன், சிரெனைக்காவின் சனூசிகள் மறுபடி இத்தாலிய ஆட்சிக்குக் கீழே போகமாட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்தார். 1949-இல் லிபியாவை மூன்றாகப் பிரித்து, மேற்குப் பகுதியை இத்தாலியின் பாதுகாப்பில் விட ஒரு திட்டம் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்தது. திரிப்போலித் தெருக்கள் கொந்தளித்தன. திட்டத்தின் அந்தப் பகுதி தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஒரு ஓட்டில் தவறவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஹைட்டியின் பிரதிநிதியும் ஒருவர். அடிமைகளின் புரட்சியில் பிறந்த நாடு அது. 1951 டிசம்பர் 24 அன்று லிபியா விடுதலை பெற்றது. கானா, கினி, அல்ஜீரியா எல்லாம் இன்னும் காத்திருந்த நேரம்.

எங்கே வேறு மாதிரி போயிருக்கலாம்

1929 கோடைப் போர்நிறுத்தத்தை அதன் பெயராலேயே அழைத்திருந்தால் முகாம்களுக்கான வாதமே எழுந்திருக்காது. 'அடிபணிந்தார்' என்ற ஒரு சொல்லுக்காகப் பேச்சு உடைந்தது. அந்தச் சில மாதங்களில் மந்தைகள் கிணற்றுக்குப் போய்வந்ததே, உடன்பாடு நடைமுறையில் சாத்தியம் என்பதற்குச் சான்று. ஆனால் குடியேற்றத்துக்கு நிலம் வேண்டும் என்ற பசி ரோமில் இருந்தவரை அந்த உடன்பாடு எத்தனை ஆண்டு நிலைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டாவது, விசாரணை. எத்தியோப்பியா விடுதலை பெற்ற நாடாக இருந்ததால், போருக்குப் பின் இத்தாலியப் போர்க்குற்றவாளிகளின் பட்டியலை ஐ.நா. ஆணையத்திடம் கொடுக்க முடிந்தது. படோலியோ, கிராத்சியானி இருவர் பெயரும் அதில் இருந்தன. அப்படியும் எத்தியோப்பியாவுக்காக யாரும் கூண்டில் ஏறவில்லை. லிபியாவுக்கு அப்போது பட்டியல் கொடுக்கவே ஒரு அரசு இல்லை. கிராத்சியானிக்கு 1950-இல் 19 ஆண்டுச் சிறை கிடைத்தது, ஜெர்மானியரோடு ஒத்துழைத்ததற்காக. சில மாதங்களில் வெளியே வந்தார். சுலூக், அகேலா என்ற பெயர்கள் அந்தக் குற்றச்சாட்டில் இல்லை.

மூன்றாவது, பதிவு. பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை முறையாக ஒலிப்பதிவு செய்யும் வேலையை திரிப்போலியில் உள்ள ஆய்வு மையம் ஒன்று 1970-களின் இறுதியில்தான் தொடங்கியது. முகாம்கள் மூடி நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முகாமுக்குள் பெரியவர்களாகப் போனவர்களில் மிகச் சிலரே அப்போது உயிரோடு இருந்தார்கள். நமக்குக் கிடைத்த குரல்களில் பல, அந்த நடையில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுடையவை. அவர்களுக்கு ஆட்டின் பெயர் நினைவிருந்தது, எந்தக் கிணற்றில் கடைசியாகத் தண்ணீர் குடித்தோம் என்பது நினைவிருந்தது. எந்தத் தேதி, எந்த அதிகாரி என்பது நினைவில் இல்லை. 1951-இலேயே, விடுதலை பெற்ற கையோடு, யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்தக் கூடாரங்களுக்குப் போயிருக்க வேண்டும்.